வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்: வீடியோவை மாற்றும்போது ஒலி ஏன் விலகுகிறது?

பழைய கல்யாண கேசட்டையோ செல்போனில் எடுத்த ஆண்டு விழா வீடியோவையோ கணினியில் கன்வெர்ட் செய்து போட்டுப் பார்த்தால், தவில்காரரின் கை தோலில் பட்டு எழுந்த பிறகுதான் சத்தம் வருகிறது. உடனே பலரும் அந்தக் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டு இன்னொன்றை இறக்குகிறார்கள். மறுபடி சில மணி நேரம் ஓடவிடுகிறார்கள். அதிலும் சரியாக வராவிட்டால் மூன்றாவது ஒன்றைத் தேடுகிறார்கள். ஏற்கெனவே கன்வெர்ட் ஆன ஃபைலையே திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் படத்தின் தெளிவு குறையும். ஒலி விலகியது விலகியபடியேதான் இருக்கும்.

கன்வெர்ட்டரை மாற்றும் முன்னால் விலகலை அளந்து பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒலி எவ்வளவு தள்ளி வருகிறது, எந்த நிமிடத்திலிருந்து தள்ளுகிறது, போகப்போகக் கூடுகிறதா, திடீரென்று எகிறுகிறதா என்ற நான்கு கேள்விக்கும் விடை தெரிந்தால் காரணம் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். காரணம் தெரிந்துவிட்டால் பல சமயம் மறுபடி கன்வெர்ட் செய்யவே தேவையிருக்காது.

பெட்டிக்குள் இரண்டு ஓட்டம்

எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று நாம் சொல்பவை வெறும் பெட்டிகள். உள்ளே படம் ஒரு ஓட்டமாகவும் ஒலி இன்னொரு ஓட்டமாகவும் இருக்கின்றன. படத்தை ஹெச்.264 என்ற முறையில் சுருக்கியிருப்பார்கள், ஒலியை ஏஏசி என்ற முறையில் சுருக்கியிருப்பார்கள். ஒன்றுக்கு மற்றொன்றைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது நேரக்குறி. இந்த ஃப்ரேமை, அதாவது வீடியோவின் இந்தத் தனிப்படத்தை, இந்த நொடியில் காட்டு, இந்த ஒலித்துண்டை இந்த நொடியில் ஒலிக்கவிடு என்று ஒவ்வொரு துண்டோடும் ஒரு குறிப்பு சேர்ந்தே வருகிறது. டிவிடியிலும் டிஜிட்டல் டிவி ஒளிபரப்பிலும் ஒரு நொடியை 90,000 பங்காகப் பிரித்து இந்தக் குறியை எழுதுகிறார்கள்.

பெரும்பாலான பிளேயர்கள் ஒலியை அதன் போக்கில் ஓடவிட்டு, படத்தை அதற்கு ஏற்ப இழுத்துப் பிடிக்கும். படம் பின்தங்கினால் ஓரிரு ஃப்ரேமைக் காட்டாமல் விட்டுவிடும்; முந்தினால் ஒரே ஃப்ரேமைக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி வைக்கும். ஒலியில் சின்ன வெட்டு விழுந்தாலும் காது கண்டுபிடித்துவிடும், படத்தில் ஒரு ஃப்ரேம் போனால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. நேரக்குறி சரியாக இருக்கும் வரை பிளேயர் சமாளித்துவிடும். கன்வெர்ட் செய்யும் மென்பொருள் அந்தக் குறியைத் தவறாகப் படித்தாலோ, படிக்காமல் தானே ஒரு வேகத்தை ஊகித்துக்கொண்டாலோதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏவிஐ பெட்டியில் அந்தக் குறியே கிடையாது. மைக்ரோசாஃப்ட் 1992-இல் கொண்டுவந்த அந்த அமைப்பில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்று ஆரம்பத்தில் ஒருமுறை எழுதிவைப்பார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கைதான் கணக்கு. வேகம் மாறாத படத்துக்கும், ஒவ்வொரு நொடிக்கும் ஒரே அளவு தரவு எடுக்கும் ஒலிக்கும் அது போதும். நொடிக்கு நொடி தரவின் அளவு ஏறி இறங்கும் எம்பி3 ஒலியை அதற்குள் திணித்தபோது கணக்கு உதைத்தது. 2000-களில் சேர்த்துவைத்த ஏவிஐ ஃபைல்களை இன்று எம்பி4 ஆக்கும்போது ஒலி அலைபாய்ந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒலியை மட்டும் சுருக்காத வேவ் ஃபைலாகப் பிரித்தெடுத்து, அதையும் படத்தையும் புதிதாகச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எவ்வளவு தள்ளினால் தெரியும்?

தூரத்தில் துணி துவைப்பவரின் அடி கண்ணில் பட்ட பிறகுதான் காதில் விழும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. 34 மீட்டர் தள்ளி நின்றால் பத்தில் ஒரு பங்கு நொடி தாமதம். அதனால் ஒலி கொஞ்சம் பிந்தி வருவது நம் மூளைக்குப் பழக்கமான விஷயம். ஒலி முந்தி வருவது இயற்கையில் நடக்காத ஒன்று, அதனால் உடனே உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் இது தெரிகிறது: ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினாலே கவனிக்கிறவருக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 மில்லி செகண்ட் வரை தெரியாது. அதற்கு மேல் 90 மில்லி செகண்ட் முந்துவதையும் 185 மில்லி செகண்ட் பிந்துவதையும் பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

வீட்டு வேலைக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. துல்லியமாகப் பொருத்த முடியாதபோது, ஒலி ஒரு ஃப்ரேம் பிந்தி நிற்கும்படி விட்டுவிடலாம். முந்தி நிற்க விடக்கூடாது.

ஃபைலைக் குறை சொல்லும் முன்

பழுது ஃபைலில்தானா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். புளூடூத் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே சோதிக்கிறவர்கள் நிறைய. சாதாரண புளூடூத் ஒலி 150 முதல் 250 மில்லி செகண்ட் வரை பிந்தி வருவது சகஜம். சில பிளேயர்கள் அதைக் கணக்கில் எடுத்துப் படத்தையும் தாமதப்படுத்தும், சில அப்படிச் செய்யாது. வயர் உள்ள இயர்போனைச் செருகிப் பாருங்கள். டிவியில் பார்க்கிறீர்கள் என்றால், படத்தை மெருகேற்றும் வேலைக்காக டிவி சில ஃப்ரேம்களைப் பிடித்துவைக்கும். தனி ஸ்பீக்கரில் வரும் ஒலி அதற்குள் முந்திவிடும். டிவியின் கேம் மோடை இயக்கினால் அந்தத் தாமதம் குறைகிறதா என்று பார்க்கலாம்.

கணினியே திணறுவதும் உண்டு. பழைய லேப்டாப்பில் ஹெச்.265 முறையில் சுருக்கிய 4கே வீடியோவைப் போட்டால், கிராஃபிக்ஸ் சிப்பின் உதவி கிடைக்காதபோது படம் பின்னால் இழுபடும். விஎல்சியில் ஒருமுறை, எம்பிவி போன்ற இன்னொரு பிளேயரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் சரியாகவும் மற்றதில் தவறாகவும் வந்தால் ஃபைலைத் தொட வேண்டாம். இரண்டிலும் ஒரே அளவு தள்ளி வந்தால்தான் கீழே உள்ளதெல்லாம் தேவைப்படும்.

அளப்பது எப்படி

விஎல்சி ஓடும்போது கீபோர்டில் கே எழுத்தை அழுத்தினால் ஒலி 50 மில்லி செகண்ட் பிந்தும், ஜே எழுத்தை அழுத்தினால் 50 மில்லி செகண்ட் முந்தும். மொத்தம் எவ்வளவு தள்ளியிருக்கிறீர்கள் என்பது திரையிலேயே வரும். இதைத் திருத்தமாக நினைக்காதீர்கள், அந்த மாற்றம் ஃபைலில் பதிவதில்லை. ஆனால் இதைவிட எளிதான அளவுகோல் வேறு இல்லை.

வீடியோவின் ஆரம்பத்தில் ஓரிடம், நடுவில் ஓரிடம், முடிவில் ஓரிடம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி செகண்ட் தள்ளினால் பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எடுக்கும் இடத்தில் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நொடியில் தெரிகிற ஓர் அடி இருக்க வேண்டும். கல்யாண வீடியோவில் கெட்டி மேளத்தை விட்டால் வேறு நல்ல இடம் ஏது? தவில் அடி, தேங்காய் உடைப்பு, கைதட்டல் எல்லாம் உதவும். பேச்சைத்தான் நம்ப வேண்டும் என்றால் ப, ம என்று உதடு ஒட்டித் திறக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள்.

பழைய கல்யாண வீடியோக்களில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் எடிட் செய்யும்போது பாதி இடத்தில் அசல் ஒலியை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டை ஏற்றியிருப்பார். அந்தப் பகுதியில் உதடும் ஒலியும் பொருந்தவே பொருந்தாது. அதை அளந்து திருத்தப்போனால் சரியாக இருந்த பகுதியும் கெட்டுவிடும். அசல் ஒலி இருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து அளக்க வேண்டும்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தும் பாருங்கள். படத்தின் நீளம், ஒலியின் நீளம், ஃப்ரேம் வேகம் நிலையானதா மாறுவதா, ஒலியின் சாம்பிள் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிவு செய்திருக்கிறார்கள் என்பது) எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டும். படமும் ஒலியும் நீளத்தில் சில நொடி வேறுபட்டால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

எண்ணே சொல்லும்

மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் அது இருப்பதிலேயே சுலபமான வகை. ஒலி ஓட்டம் முழுவதும் ஒரே அளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏஏசி முறையில் சுருக்கும்போது ஆரம்பத்தில் கொஞ்சம் வெற்று ஒலி சேரும். ஆப்பிளின் என்கோடர், அதாவது சுருக்கும் மென்பொருள், 2,112 சாம்பிள் சேர்க்கிறது. 48,000 ஹெர்ட்ஸில் அது 44 மில்லி செகண்ட். இதைக் கழித்துவிடு என்ற குறிப்பும் எம்பி4 ஃபைலிலேயே இருக்கும், ஆனால் அதைப் படிக்காத பிளேயர்களும் கன்வெர்ட்டர்களும் இருக்கின்றன.

இதைவிடப் பெரிய நிலையான விலகலுக்கு வெட்டுதான் வழக்கமான காரணம். சுருக்கிய வீடியோவில் எல்லா ஃப்ரேமும் முழுப்படம் அல்ல. நடுவில் அங்கங்கேதான் முழுப்படம் இருக்கும், மற்றவை முந்தியதிலிருந்து என்ன மாறியது என்று மட்டும் சொல்பவை. எக்ஸ்264 என்கோடரின் இயல்பான அமைப்பில் இரண்டு முழு ஃப்ரேம்களுக்கு நடுவே 250 ஃப்ரேம் வரை இடைவெளி இருக்கலாம், அதாவது நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 10 நொடி. மறுபடி சுருக்காமல் வெட்டும்போது படம் முழு ஃப்ரேம் இருக்கும் இடத்தில் தொடங்கும், ஒலி நீங்கள் சொன்ன இடத்தில் தொடங்கும். நல்ல மென்பொருள் இந்த வேறுபாட்டை நேரக்குறியில் எழுதிவிடும். எழுதாத மென்பொருளில் வெட்டினால் ஒலி சில நொடிகள்கூடத் தள்ளிப்போகும்.

ஆரம்பத்தில் சரி, போகப்போக விலகல் கூடுகிறது என்றால்தான் எண் உதவிக்கு வருகிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விலகுகிறது என்று கணக்குப் போடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி என்றால், 29.97 ஃப்ரேம் வேகத்தை 30 என்றோ 23.976-ஐ 24 என்றோ யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1953-இல் கலர் ஒளிபரப்பைச் சேர்த்தபோது, நிறத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க, நொடிக்கு 30 ஃப்ரேம் என்ற வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். அந்த முடிவுதான் எழுபது வருடம் கழித்தும் நம் கணினியில் 29.97 என்று எட்டிப் பார்க்கிறது. இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் வேகம் சரியாக 25. இந்தப் பின்னம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் கேம்கார்டரில் எடுத்து அனுப்பிய டேப்பை நம் ஊர் டேப்போடு சேர்த்து ஒரே வீடியோவாக்க முயலும்போதுதான் இது நம்மையும் பிடிக்கும்.

மணிக்கு 2 நிமிடம் 24 நொடி என்றால் 24-க்கும் 25-க்கும் நடுவில் குழப்பம். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த சினிமாவைப் பால் டிவிடியில் 25 ஃப்ரேமாக ஓட்டுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் 2 மணி 24 நிமிடத்தில் முடியும். அந்த டிவிடியின் ஒலியை எடுத்து 24 ஃப்ரேமில் ஓடும் புளூரே படத்தோடு சேர்த்தால் இப்படித்தான் வரும்.

மணிக்கு ஏறத்தாழ 5 நிமிடம் வித்தியாசம், குரலும் கீச்சென்றோ தடித்தோ கேட்கிறது என்றால் 44,100 சாம்பிள் ஒலியை 48,000 என்று படித்திருக்கிறார்கள், அல்லது நேர்மாறாக. சிடியும் விசிடியும் 44,100; டிவிடி 48,000. பழைய விசிடியை டிவிடி ஆக்கும்போது ஒலியை முறைப்படி மாற்றாமல் லேபிளை மட்டும் மாற்றினால் இந்தக் கதி.

மணிக்கு அரை நொடிக்கும் குறைவான விலகல் என்றால் யாரும் எதையும் தவறாகப் படிக்கவில்லை. இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. இதற்குக் கேசட் பக்கம் போக வேண்டும்.

கேசட்டிலிருந்து கணினிக்கு

விஎச்எஸ் டேப்பைக் கணினிக்கு ஏற்றும்போது, பலரும் படத்தை யுஎஸ்பி கேப்சர் கருவி வழியாகவும் ஒலியைக் கணினியின் லைன்-இன் துளை வழியாகவும் எடுக்கிறார்கள். கேப்சர் கருவிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் நேரத்தை அளக்கிறது, சவுண்ட் கார்டுக்குள் இன்னொன்று. நொடிக்கு 48,000 சாம்பிள் என்று சொல்லும் சவுண்ட் கார்டு உண்மையில் 48,003 எடுத்துக்கொண்டிருக்கலாம். இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் 225 மில்லி செகண்டாக வளரும். மூன்று மணி நேர கேசட்டில் முக்கால் நொடியை நெருங்கிவிடும். ஒலியையும் அதே யுஎஸ்பி கருவி வழியாக எடுத்தால் இந்த வகை விலகல் பெரும்பாலும் வராது. புதிதாக வேலையைத் தொடங்குகிறவர்கள் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

டேப்பே செய்யும் தொந்தரவு தனி. பால் முறையில் ஒரு மணி நேரம் என்பது 90,000 ஃப்ரேம். டேப் சுருங்கியிருந்தாலோ, ஈரப்பதத்தில் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, நடுவில் வெற்று இடம் இருந்தாலோ, கேப்சர் கருவிக்கு ஃப்ரேமின் தொடக்கம் பிடிபடாது. பிடிபடாத ஃப்ரேமை அது விட்டுவிடும். ஒலி மட்டும் விடாமல் பதிவாகிக்கொண்டே இருக்கும். பத்து ஃப்ரேம் விழுந்தால் படம் 0.4 நொடி முந்திவிட்டது என்று அர்த்தம். இந்த விலகல் சீராகக் கூடாது. டேப் கெட்டிருக்கும் இடத்தில் படியேறுவதுபோல் எகிறி, அடுத்த கெட்ட இடம் வரை அப்படியே நிற்கும். விர்ச்சுவல்டப் மாதிரியான கேப்சர் மென்பொருளில் விழுந்த ஃப்ரேம்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்யுங்கள். அது ஏறினால் நிறுத்திவிட்டு, டேப்பை முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்க ஓட்டி இறுக்கம் சரியான பிறகு மறுபடி தொடங்கலாம். பூஞ்சை தெரிகிற டேப்பை டெக்கில் போடவே வேண்டாம். ஹெட்டும் கெடும், அடுத்து போடுகிற நல்ல டேப்பிலும் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

டேப் நன்றாக இருந்தும் ஃப்ரேம் விழுகிறது என்றால் கணினியைப் பாருங்கள். யுஎஸ்பி ஹப்பை நடுவில் வைக்காமல் கருவியை நேராகக் கணினியில் செருகுங்கள். பதிவாகும் டிரைவில் இடம் போதுமா, அந்த நேரத்தில் வைரஸ் ஸ்கேன் ஓடுகிறதா என்று கவனியுங்கள். வெற்று இடம் உள்ள டேப்பை ஒரே மூச்சில் எடுக்காமல் துண்டுதுண்டாக எடுங்கள். ஒவ்வொரு துண்டும் பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒரு துண்டின் பிழை அடுத்ததைத் தொடாது.

விசிடியில் எகிறல் வேறு விதமாக வருகிறது. ஒரே தட்டில் 74 நிமிடம் அடைக்க வேண்டும் என்பதற்காக, வீடியோ இருக்கும் பகுதியில் சாதாரண டேட்டா சிடியில் இருப்பதுபோன்ற பிழைதிருத்த அடுக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் கீறல் விழுந்த விசிடியில் துண்டுகள் அப்படியே தொலைந்துபோகும். படத்தில் ஒரு துண்டும் ஒலியில் வேறு அளவு துண்டும் போனால் அந்த இடத்திலிருந்து விலகல். தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, குறைந்த வேகத்தில், முடிந்தால் வேறொரு டிரைவில் படித்துப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும்.

செல்போனின் வேகம் நிலையானது அல்ல

இப்போது வரும் விலகல்களில் பெரும்பகுதி செல்போன் வீடியோவில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம். போனின் அமைப்பில் 30 ஃப்ரேம் என்று இருந்தாலும், வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடுதல் நேரம் வெளிச்சம் வாங்குவதற்காக வேகத்தைக் குறைத்துவிடும். போன் சூடானாலும் வேகம் தடுமாறும். திரையை அப்படியே பதிவு செய்யும் வீடியோக்களில் இது இன்னும் அதிகம். திரையில் எதுவும் அசையாதபோது ஃப்ரேமே எழுதாமல் விடுகிற செயலிகள் உண்டு. ஃபைலில் நேரக்குறி சரியாகவே இருக்கும், அதனால் போனில் பார்க்கும்போது குறையே தெரியாது.

அந்த ஃபைலை எடிட்டிங் மென்பொருளிலோ கன்வெர்ட்டரிலோ போடும்போது, அது நேரக்குறியைப் பார்க்காமல் மொத்த ஃப்ரேமை மொத்த நேரத்தால் வகுத்து ஒரு சராசரி வேகத்தை வைத்துக்கொண்டால் வினை. பத்து நிமிட வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் மங்கலான மண்டபத்துக்குள், நொடிக்கு 29 ஃப்ரேம். அடுத்த ஐந்து நிமிடம் வாசலில் வெயிலில், 30 ஃப்ரேம். சராசரி 29.5. ஐந்தாவது நிமிட முடிவில் 8,700 ஃப்ரேம் இருக்கும்; 29.5 வேகத்தில் ஓட்டினால் அது 295 நொடியிலேயே முடிந்துவிடும். ஒலியோ 300 நொடி. ஆகவே நடுவில் ஐந்து நொடி விலகல். அதன்பின் படம் மெதுவாக ஓடத் தொடங்கி, பத்தாவது நிமிடத்தில் இரண்டும் மறுபடி ஒன்றாக வந்து நிற்கும். ஆரம்பமும் சரி, முடிவும் சரி, நடுவில் மட்டும் கெட்டிருக்கிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான். ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

இதற்குத் தீர்வு, எடிட் செய்யும் முன்பே வேகத்தை நிலைப்படுத்திக்கொள்வது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச கன்வெர்ட்டரில் வீடியோ என்ற பக்கத்தில் ஃப்ரேம் ரேட் தேர்வுக்குக் கீழே கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்று இருக்கும். அதைத் தேர்ந்து, வேகத்தையும் 30 என்றோ 25 என்றோ குறிப்பிட்டுக் கொடுங்கள். அது நேரக்குறியைப் படித்து, குறையும் இடத்தில் ஃப்ரேமை இரட்டித்தும் கூடும் இடத்தில் விட்டும் சமன்செய்யும். ஒருமுறை சுருக்கத்தான் வேண்டும், அதனால் தரத்துக்கான எண்ணைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். அந்த எண் குறையக் குறையத் தரம் கூடும். 18 வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஃபைல் மட்டும் பெரிதாகும்.

திருத்துவது

நிலையான விலகலுக்கு எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலை அதில் இழுத்துப் போட்டு, ஒலி ஓட்டத்தைத் தேர்ந்து, வலப்பக்கம் டிலே என்ற கட்டத்தில் மில்லி செகண்டை எழுதுங்கள். ஒலி முந்தி வந்தால் கூட்டல் எண், பிந்தி வந்தால் கழித்தல் குறியோடு. எதையும் மறுபடி சுருக்காமல் புதுப் பெட்டியில் மாற்றி வைப்பதால் ஒரு படம் முழுவதும் சில நிமிடத்தில் முடிந்துவிடும், தரமும் அணுவளவும் குறையாது. அவிடீமக்ஸ் என்ற எடிட்டரிலும் ஒலிக்கான பகுதியில் ஷிஃப்ட் என்று இதே வசதி உண்டு. ஹேண்ட்பிரேக்கில் ஒலியைத் தள்ளும் வசதி இல்லை. அதில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போகப்போகக் கூடும் விலகலுக்கு இரண்டு வழி. டிலே கட்டத்துக்குக் கீழேயே நீட்டுவதற்கான கட்டம் ஒன்று எம்கேவிடூல்நிக்ஸில் இருக்கிறது. அதை ஒலி ஓட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒலித்துண்டுகளின் நீளம் மாறாமல் நேரக்குறி மட்டும் மாறினால் பிளேயர்கள் குழம்பும், அதன் கையேடே இதைச் சொல்கிறது. படத்தை நீட்டலாம். ஒலி 60 நிமிடம், படம் 59 நிமிடம் 56.4 நொடி என்றால், படத்தின் ஓட்டத்துக்கு 1001/1000 என்று கொடுத்தால் பொருந்திவிடும். ஒலியைத் தொடவே இல்லை என்பதால் நாதஸ்வரத்தின் சுருதி அப்படியே இருக்கும்.

இரண்டாவது வழி, ஒலியை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்து நீளத்தை மாற்றுவது. அதில் சேஞ்ச் டெம்போ, சேஞ்ச் ஸ்பீட் (புதிய பதிப்புகளில் சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்) என்று இரண்டு இருக்கின்றன. டெம்போ சுருதியைக் காப்பாற்றும், ஆனால் ஒலியை நறுக்கி ஒட்டுவதால் தவில் அடியில் மழுங்கல் விழும். ஸ்பீட் சுருதியையும் சேர்த்து மாற்றும். கேட்கும்போது டெம்போதான் பாதுகாப்பு என்று தோன்றும். சவுண்ட் கார்டின் கடிகாரம் விலகிய கேசட்டுக்கு ஸ்பீட்தான் சரி. கடிகாரப் பிழையால் சுருதியும் அதே அளவு ஏற்கெனவே மாறித்தான் பதிவாகியிருக்கிறது. ஸ்பீட் அதையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும் மாற்றத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது என்பதும் கூடுதல் வசதி.

எகிறும் விலகலுக்கு ஒட்டுமொத்த மருந்து கிடையாது. கன்வெர்ட்டரில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எங்கே எகிறியது என்று அதற்குத் தெரியாது. மறுபடி கேப்சர் செய்ய முடிந்தால் அதுதான் சுருக்கமான வழி. டேப் போய்விட்டது, ஃபைல் மட்டும்தான் மிச்சம் என்றால், எடிட்டரில் ஒவ்வொரு படியையும் தேடி, அந்த இடத்தில் ஒலியை வெட்டித் தள்ளிப் பொருத்த வேண்டும். வெட்டுகிற இடம் பேச்சுக்கு நடுவில் இல்லாமல், பேச்சு நிற்கும் இடைவெளியிலோ கூட்டத்தின் இரைச்சலிலோ விழும்படி பார்த்துக்கொண்டால் ஒட்டு தெரியாது. பொறுமை கேட்கும் வேலைதான். தாலி கட்டும் பத்து நிமிடத்தை மட்டுமாவது இப்படிச் சரிசெய்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

முடித்த ஃபைலை நீங்கள் வேலை செய்த கணினியில் மட்டும் சோதிக்காதீர்கள். பென் டிரைவில் போட்டு டிவியில் செருகி, முன்பு குறித்துவைத்த அதே மூன்று இடங்களையும் பாருங்கள். சில டிவிகள் எம்கேவியைச் சரியாக ஓட்டாது. அப்போது அதே ஓட்டங்களை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு சுருக்காமலே எம்பி4 பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். டேப்பிலிருந்து முதலில் எடுத்த பெரிய ஃபைலை அழிக்காமல் தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எந்தக் கருவியில் எடுத்தது, எத்தனை ஃப்ரேம் விழுந்தது, எவ்வளவு தள்ளித் திருத்தியது என்று நாலு வரி எழுதிவைத்தால், அடுத்த கேசட்டை எடுக்கும்போது அதே கருவியின் விலகல் எவ்வளவு என்று மறுபடி அளக்க வேண்டியிருக்காது.